நீலப் பெட்டியோடு ஏழாயிரம்பண்ணைக்கு

சிங்கப்பூரில் எங்கள் ஊர்க்காரர்கள் போடும் ஆண்டு மலருக்கு, ஊருக்குப் போய்வந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஏழாவது வரை படித்தவன். அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கு நல்ல பேர் வாங்கித் தரும் பயணம் இல்லை இது.

இங்கே ஓர் ஆராய்ச்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடுவை கழுவுகிறேன். ஊருக்குப் போன சமயம் அந்த வேலையில் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மேல்மாடியில் ஆய்வு செய்கிறவர்களின் கண்ணாடிக் குடுவைகள் தள்ளுவண்டியில் கீழே வரும். சோப்பு, வெந்நீர், அப்புறம் சுத்த நீரில் மூன்று முறை அலசல். ஒரு துளி சோப்பு ஒட்டியிருந்தாலும் செல் செத்துப்போகும் என்பார்கள். செல் என்பது நம் உடம்பிலேயே மிகச் சிறிய உயிருள்ள துணுக்கு. கண்ணுக்குத் தெரியாது. அதற்குச் சாப்பாடு போட்டு, சூடு பார்த்து, பிள்ளை மாதிரி மேலே வளர்க்கிறார்கள்.

மேலே பெரியவர் ஒரு சீன அம்மா. மேடம் என்போம். ஒருநாள் கீழே வந்தவர், இதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் மருந்து அடைத்தேன் என்றேன். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிக்கிற பொடி. மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனியில் வேலை எப்படி நடக்கும் என்று கேட்டார். ஒருத்தர் குழாய் சுருட்டுவார், ஒருத்தர் மருந்து அடைப்பார், ஒருத்தர் திரி வைப்பார், கை மாறிக் கை மாறிப் போகும் என்றேன். செல்லுக்குள்ளும் அப்படித்தான் என்றார் மேடம். அதற்குள் வேலை பார்க்கிற ஆட்கள்தான் புரதங்கள். எந்தப் புரதம் எந்தப் புரதத்தின் கையைப் பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அலுமினியப் பொடியை வருடக்கணக்காக மூச்சில் இழுத்தவர்களின் ரத்தச் செல்லில் யார் கையை யார் விட்டுவிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். அப்படித்தான் இந்தப் பயணம் வந்தது.

புறப்படும் முன் மேடம் ஒன்று சொன்னார். "அங்கே ரத்தம் அடுக்கக் கற்றுக்கொள். கற்றுக்கொண்டால் திரும்பி வந்ததும் உன்னை மேலே செல் அறைக்கு எடுத்துக்கொள்கிறேன்." ஒன்பது வருடம் கழுவியவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எழுதத் தெரியவில்லை.

முதல் நாள் மதுரையில் இறங்கினோம். ஆவணி மாதம். வெயிலும் இருந்தது, மழை மூட்டமும் இருந்தது. கார் ஓட்ட வந்தவர் விருதுநகர் ஜமால் பாய். திருமங்கலம் தாண்டுவதற்குள் அவருடைய மூன்று மகள்களின் கல்யாணக் கதையும் கேட்டாகிவிட்டது. மேடம் பின் சீட்டில், காலியான நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சாம்பிளைக் குளிரில் கொண்டுபோகிற தெர்மோகோல் பெட்டி அது.

விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டோம். மேடம் மூன்று சாப்பிட்டு, சால்னா இன்னொரு கரண்டி கேட்டார். எனக்கு ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. வயிறு எண்ணெயை மறந்திருந்தது.

"அந்தம்மா நம்ம ஊருப் பிள்ளை மாதிரில்ல சாப்புடுறாக. நீங்கதான் அண்ணாச்சி வெளிநாட்டாளு மாதிரி பிச்சுப் பிச்சுத் திங்கிறீக" என்றார் ஜமால் பாய்.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். தம்பி மாரியப்பன் ரோட்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். அவன் கம்பெனியில் மருந்து கலக்கிறவன். கலப்பதெல்லாம் விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள். வேலை முடிந்து அப்படியே வந்திருந்தான். வெறுங்கால். கை இரண்டும் அலுமினியப் பொடியில் வெள்ளி மாதிரி மினுங்கியது.

மேடம் காரை விட்டு இறங்கியதும் அந்தக் கையைத்தான் பார்த்தார். திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். என் கையை ஒன்பது வருடத்தில் அவர் பார்த்ததில்லை. பார்க்கவும் ஒன்றுமில்லை. சோப்பில் ஊறி வெளுத்த கை.

இரண்டாம் நாள் ரத்தம் எடுக்க வேண்டும். என் பேச்சுக்கு ஊரே வரும் என்று சிங்கப்பூரில் மேடத்திடம் சொல்லியிருந்தேன். சமுதாயக் கூடத்தில் பக்கத்துக் கல்லூரி அனுப்பிய நர்சம்மாவும், மேடமும், நானும் உட்கார்ந்திருந்தோம். பத்தரை வரை ஓர் ஆள் வரவில்லை. பிறகு வேலை முடித்துத் தம்பி வந்தான். பின்னாலேயே இருபது பேர் வந்தார்கள்.

யாரிடமும் கையெழுத்து வாங்குமுன் ஒரு தாளை முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். வாசித்தேன். இதில் உங்களுக்கு நேரடியாகப் பயன் ஏதும் இல்லை என்று ஒரு வரி வந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

"பயன் இல்லன்னு சொல்லி ரத்தங் கேக்கிற மொத ஆளு நீதாம்லே, சிங்கப்பூரு" என்றார் முன்னால் நின்ற பெரியவர்.

நான் தாளில் அடுத்த வரியைத் தேடினேன். தம்பிதான் சொன்னான். "நம்ம மூக்குக்குள்ள போற பொடி உள்ள போயி என்ன செய்யுதுன்னு இதுவரைக்கும் யாரு வந்து பாத்தா? ஒரு அம்மா கடல் தாண்டி வந்து பாக்கேன்றாக. பாத்துட்டுப் போகட்டுமே." சட்டையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தான். எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

மேடம் என்னைப் பார்த்து, "உன் தம்பி நன்றாகப் பேசுகிறார் போலிருக்கிறதே" என்றார். வாய் அதிகம் என்றேன்.

திரும்பும்போது மண் பாதையில் முந்தின நாள் மழைச் சகதியில் கார் சிக்கிக்கொண்டது. ரத்தம் சாயங்காலத்துக்குள் கல்லூரிக்குப் போயாக வேண்டும். ஜமால் பாயைக் காரோடு விட்டுவிட்டு, சாத்தூர் பஸ்ஸில் ஏறினோம். பெட்டியில் சோடாக்கடை ஐஸ் போட்டிருந்ததால் தண்ணீர் சொட்டியது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட வந்தார்.

"என்ன, மீனா?"

"ரத்தம்."

"ஆட்டு ரத்தமா?"

"மனுச ரத்தம்."

கண்டக்டர் லக்கேஜ் போடாமல் போய்விட்டார். எங்களைச் சுற்றி நான்கு சீட் காலியானது. மேடம் காலை நீட்டிக்கொண்டு, இந்த ஊர் பஸ் வசதியாக இருக்கிறது என்றார்.

மூன்றாம் நாளைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் மற்றது புரியாது.

அன்றைக்கு எடுத்த ரத்தத்தோடு தம்பியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான். பிறகு சுவரில் எதையோ தேடினான். காணாமல், தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தான். மருந்து கலக்கிற அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் விரல் நுனிப் பொறி போதும், அறையே போய்விடும். மேடம் காரணம் கேட்டார். சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார். இதே பழக்கம் எனக்கும் இருந்தது. சிங்கப்பூரில் கழுவும் அறைக்குள் நுழையுமுன் ஒரு வருடம் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

தம்பியைச் செருப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். இங்கே வெறுங்கால்தான் ஆபத்து என்றதும் அவன் சிரித்தான்.

ரத்தம் அடுக்குவது என்றால் இதுதான். கண்ணாடிக் குழாயில் பாதிக்கு ஒரு கனமான திரவம் இருக்கும். தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். அதன்மேல் ரத்தத்தை விட வேண்டும். இரண்டும் கலக்கக் கூடாது. குழாயைச் சாய்த்து, சுவர் வழியாக, சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். சரியாக விட்டால் கீழே தெளிவு, மேலே சிவப்பு, நடுவில் கோடு கிழித்தது போல் நிற்கும். அதைச் சுழலும் எந்திரத்தில் வைத்தால், நடுவில் பாலாடை போல வெள்ளையாக ஒரு படலம் கிடைக்கும். அந்தப் படலம்தான் மேடத்துக்கு வேண்டிய செல். கலந்துவிட்டால் அந்த ரத்தம் வீண்.

மேடம் என்னிடம் கொடுத்தார். முதல் குழாயில் ரத்தம் பொத்தென்று கீழே இறங்கிவிட்டது. பரவாயில்லை என்றார். இரண்டாவதும் கலந்தது. மூன்றாவதை இன்னும் சாய்த்துப் பிடித்தேன். அதுவும் போனது. மூன்று பேருடைய ரத்தம். அவர்களிடம் போய் மறுபடியும் கையை நீட்டச் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் தம்பி பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு குழாயை அவன் செய்து பார்க்கட்டுமே என்றார் மேடம். விளையாட்டாகத்தான் சொன்னார். கையுறை மாட்டிவிட்டார்.

தம்பி மூச்சை அடக்கினான். மருந்து கலக்கிறவர்கள் சலிக்கும்போதும் கொட்டும்போதும் மூச்சு விடமாட்டார்கள். தூசி கிளம்பும், உரசல் வரும். அவனுடைய தோள் அசையவில்லை. முழங்கை அசையவில்லை. ரத்தம் கண்ணாடிச் சுவரில் நூல் மாதிரி இறங்கி, தெளிவின் மேல் மூடி போட்டது போல் உட்கார்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஆறு குழாய். ஆறிலும் கோடு.

மேடம் ஆறு குழாயையும் குனிந்து பார்த்தார். பிறகு நிறையப் பேசினார். "இந்தக் கையை வைத்துக்கொண்டு இவர் ஏன் வெடிமருந்து கலக்குகிறார்? என் மாணவர்களுக்கு இது வர மூன்று மாதம் ஆகிறது. என் ஆய்வகத்துக்கு வருவாரா என்று கேள். உதவியாளர் இடம் ஒன்று இருக்கிறது. கடிதம் நான் தருகிறேன், மற்றதை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். இப்போதே சொல்ல வேண்டாம். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லட்டும்."

ஒரு இடம் என்றார். எனக்குச் சொன்ன இடம்தான் அது.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். "என்னண்ணே சொல்றாக?"

"நல்லா செஞ்சேன்னு சொல்றாக."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

மேடத்தின் பக்கம் திரும்பி, பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு வர மாட்டானாம் என்றேன். பாவம், என்றார் அவர். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

நான்காம் நாளும் தம்பிதான் அடுக்கினான். காலையில் கம்பெனியில் கலக்குவான், பத்து மணிக்குக் குளித்துவிட்டு வந்து ரத்தம் அடுக்குவான். மேடமும் அவனும் பாஷை இல்லாமலே வேலை பார்த்தார்கள். அவர் விரலைக் காட்டினால் இவனுக்குப் புரிந்தது. நடுவில் நான் தேவைப்படவில்லை. குழாய்களைக் கழுவினேன். சிவகாசிப் பக்கம் வந்தும் கழுவினேன்.

மத்தியானம் ஜமால் பாய் சாத்தூர்ச் சேவு வாங்கி வந்தார். மேடம் காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றார். தம்பி அவருக்கு வெள்ளரிப் பிஞ்சு நறுக்கிக் கொடுத்தான். ஜமால் பாய் என் பக்கம் சாய்ந்து, "உங்க தம்பி கையில என்னமோ இருக்கு அண்ணாச்சி" என்றார். நான் சேவு மென்றுகொண்டிருந்தேன். அது கடிபடவில்லை.

ஐந்தாம் நாள் புறப்பாடு. அதுவரை எடுத்த செல் எல்லாம் கல்லூரியின் குளிர்பெட்டியில் உறைந்திருந்தது. இருபத்தாறு பேருடையது. மதுரையிலிருந்து காய்ந்த ஐஸ் வந்தது. சாதாரண ஐஸ் இல்லை. உருகித் தண்ணீர் ஆகாது, புகையாகப் போகும். வெள்ளைப் புகை. சிங்கப்பூரில் தினமும் பார்க்கிறது. எங்கள் கிராமத்தில் யாரும் பார்த்ததில்லை. அதுவரை பெட்டியில் போட்டது சோடாக்கடை ஐஸ்.

விமானத்துக்குப் போகுமுன் தம்பி பெண்டாட்டி செல்வி சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு. அதற்கு முன்னால், ஆட்களை அனுப்பிவைத்த கம்பெனிப் போர்மேன் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றார் மேடம். பெட்டியைக் காரில் வைக்கக் கூடாது. மூடின காரில் அந்தப் புகை மூச்சை அடைக்கும். நிழலில், ஜன்னல் திறந்த அறையில் இருக்க வேண்டும். தம்பி வீட்டு முன்னறையில் வைத்தோம். மூடியை மேடம் இறுக்கவில்லை. வாயு வெளியேற வழி வேண்டும்.

"வீட்டில் சொல்லிவிடு" என்றார் மேடம். "புகை வரும். தீ இல்லை. யாரும் தொட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம்."

சரி என்றேன்.

தம்பிதான் பெட்டியைத் தூக்கிப் போய் உள்ளே வைத்தான். மேடம் அவன் தோளில் தட்டினார். நான் வாசலில் நின்றேன். வார்த்தை வாயில் இருந்தது. சொல்லவில்லை.

மறந்தேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. அவன் புகையைப் பார்த்து அரண்டு ஓட வேண்டும், மேடம் அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் புகை சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் காரில் ஏறினேன்.

போர்மேன் வீட்டில் கலர் சோடா குடித்துவிட்டுத் திரும்பும்போது தெருவே எங்களை நோக்கி ஓடி வந்தது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தம்பி வீட்டுப் பின்பக்கமிருந்து வெள்ளையாகப் புகை பொங்கி வந்தது. ஜமால் பாய் பிரேக் போட்டார். அது வெறும் ஐஸ் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். மேடம் இறங்கி ஓடினார்.

நடந்ததைச் செல்விதான் அப்புறம் சொன்னாள். முன்னறையில் பிள்ளைகள் இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன. அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தபோது பெட்டியிலிருந்து புகை வழிந்து, தரையோடு பிள்ளைகள் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. கத்தினாள். தம்பி கொல்லையிலிருந்து ஓடி வந்தான். கம்பெனியில் புகையைக் கண்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். யாரும் தூக்க மாட்டார்கள். இவன் தூக்கினான். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடி, சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டு, தலையைக் கையால் மூடிக்கொண்டு தரையில் விழுந்தான். தண்ணீர் பட்டதும் அந்த ஐஸ் பத்து மடங்கு புகைந்தது. ஊர் ஓடியது அதைப் பார்த்துத்தான்.

நான் போனபோது மேடம் தொட்டிக்குள் கையை விட்டுக் குழாய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் மிதந்தன. வெயிலில் சூடேறிய தண்ணீர். பொறுக்கி முடித்த பிறகுதான் தம்பியின் கையைப் பார்த்தார். ஐஸ் துண்டு பட்ட இடத்தில் முழங்கைக்குக் கீழே வெள்ளையாகக் கொப்புளித்திருந்தது.

"உருகிவிட்டது" என்றார் என்னிடம். "உருகினால் செல் செத்துவிடும். உள்ளே இருக்கிற புரதங்கள் ஒன்றை ஒன்று வெட்டித் தின்னத் தொடங்கும். யார் கையை யார் பிடித்திருந்தார்கள் என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது." பிறகு மெதுவாகக் கேட்டார். "நீ அவர்களிடம் சொல்லவில்லையா?"

தம்பி ஈரத்தோடு நின்றான். பெட்டியையும் மேடத்தின் முகத்தையும் பார்த்தான். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் என்ன கேள்வி என்று புரிந்திருக்கும்.

"அண்ணன் சொன்னாக, நாந்தான் மறந்துட்டேன்னு சொல்லுண்ணே" என்றான்.

செல்வி அவனைப் பார்த்தாள். "இவுக எப்பச் சொன்னாக?"

"நீ சும்மா இரு."

மேடம் எனக்காகக் காத்திருந்தார். நான் மொழிபெயர்த்தேன். "அண்ணன் சொன்னார், நான்தான் மறந்துவிட்டேன் என்கிறான்." அந்தப் பயணத்தில் தம்பி சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னது அந்த ஒருமுறைதான்.

பயணத்தைத் தள்ளிப்போட்டோம். கோழிக் குழம்பு ஆறிப்போய்க் கிடந்தது. மேடம் உட்கார்ந்து சாப்பிட்டார். சமைத்தவள் அழுதுகொண்டிருக்கும்போது சாப்பிடாமல் எழுந்திருக்கக் கூடாது என்றார்.

ஆறாம் நாள் ரத்தம் கொடுக்க யாரும் வரவில்லை. அந்தப் பெட்டி வெடிக்கும் என்ற பேச்சு பக்கத்து ஊர் வரை போயிருந்தது. தம்பி, கட்டுப் போட்ட கையோடு, மதுரையிலிருந்து புதிதாக வந்த ஐஸில் ஒரு துண்டை மேடத்திடம் கேட்டு வாங்கினான். தெரு நடுவில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்து, குறட்டால் பிடித்து உள்ளே போட்டான். புகை பொங்கி வழிந்தது. எல்லாரும் பின்வாங்கினார்கள். அவன் அந்தப் புகைக்குள் கையை விட்டு ஆட்டிக் காட்டினான். பிள்ளைகள் முதலில் வந்தன. பெரியவர்கள் அப்புறம் வந்தார்கள்.

"இதை மொதல்லயே காட்டியிருந்தா நாங்க ஏன்லே ஓடப் போறோம்" என்றார் அன்று கூடத்தில் முன்னால் நின்ற பெரியவர். தம்பியைப் பார்த்துத்தான் சொன்னார். நான் குனிந்து தாளை அடுக்கினேன்.

இரண்டு நாளில் இருபத்தாறு பேரும் மறுபடியும் கொடுத்தார்கள். தம்பி மறுபடியும் அடுக்கினான். கொப்புளித்த கையோடு.

எட்டாம் நாள் மதுரைக்குக் கிளம்பினோம். பெரிய ரோட்டில் பால வேலை என்று ஜமால் பாய் காரியாபட்டி வழியாகச் சுற்றிப் போனார். வழியனுப்பத் தம்பியும் வந்தான். காரியாபட்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். மேடம் காரின் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டுப் பெட்டி மேல் கையைப் போட்டுத் தூங்கிவிட்டார். ஜமால் பாய் தொழுதுவிட்டு வருகிறேன் என்று போனார். நானும் தம்பியும் டீக்கடை பெஞ்சில்.

கண்ணாடித் தம்ளரை உருட்டிக்கொண்டே கேட்டான். "அன்னைக்கு லேபுல, நான் ஆறு குழாய் ஊத்துனப்ப, அந்தம்மா நெறையப் பேசுனாக. நீ கொஞ்சந்தான் சொன்ன."

நான் டீயைக் குடித்தேன்.

"என்னண்ணே கேட்டாக?"

"சிங்கப்பூரு வாரியான்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"வரமாட்டேன்றான்னு சொன்னேன்."

எதிரே ஒரு லோடு லாரி நின்று, கிளம்பிப் போனது. அது போகும்வரை அவன் அதையே பார்த்தான்.

"கேட்டிருந்தா வாரேன்னுதாண்ணே சொல்லியிருப்பேன்" என்றான்.

கோபம் இல்லை குரலில். தொட்டிக்குப் பக்கத்தில் என்னைக் காப்பாற்றினானே, அப்போதே இது அவனுக்குத் தெரியும் என்று எனக்குப் புரிந்தது. அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டாததிலும் அவன் என்னைவிட மேலே நின்றான். ஜமால் பாய் வந்து ஹாரன் அடித்தார்.

சிங்கப்பூர் வந்த திங்கட்கிழமை மேடம் என்னை மேலே கூப்பிட்டார். செல் அறையில் ஒரு நாற்காலி, என் அளவுக்குக் கையுறை, என் பெயர் எழுதின கோட்டு. உன் தம்பி வரவில்லை, நீ கற்றுக்கொள்வாய், நேரம் எடுக்கும், பரவாயில்லை என்றார். கோட்டை மாட்டினேன். பொருத்தமாக இருந்தது. பொத்தானைப் போட்டேன். அப்புறம் பொத்தானைக் கழற்றிவிட்டு, தெரிந்த இங்கிலீஷில் இரண்டையும் சொன்னேன். ஐஸ் விஷயத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதை அவனிடம் சொல்லவில்லை.

மேடம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கீழே போ" என்றார்.

வேலையைவிட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. அந்த வாரமே ஊருக்குக் கடிதம் போனது. தம்பி பத்தாவது பாஸ். எட்டு மாதத்தில் வந்து சேர்ந்தான்.

இப்போது இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போவோம். சமையல் அவன்தான். என்னைவிட நன்றாகச் சமைக்கிறான். முழங்கைக்குக் கீழே வெள்ளைத் தழும்பு அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி யாராவது கேட்டால் ஐஸ் சுட்டது என்பான். அதற்குமேல் சொல்ல மாட்டான். மேல்மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட அறை அவனுக்கு. உள்ளே போகுமுன் இன்னமும் தண்ணீர்க் குழாயைத் தொடுகிறானாம். மாணவர்களும் தொட ஆரம்பித்துவிட்டார்களாம்.

பொறாமை போய்விட்டதா என்று மலர்க்காரர் கேட்டார். போகவில்லை. சாயங்காலம் தள்ளுவண்டியில் குடுவைகள் கீழே வரும். அவனுடையதில் அவன் பெயர் ஒட்டியிருக்கும். மற்றவர்கள் குடுவையை மூன்று முறை அலசுகிறேன். அவன் குடுவையை நான்கு முறை.